ஒகோயேயின் பத்து யார்டு

அன்புள்ள சார்,

மிச்சிகனில் கேன்டன் என்ற ஊரில் இருக்கிறேன். கிரிக்கெட் தவிர வேறெதுவும் தெரியாமல் இங்கே வந்தவன், இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அலுவலகத்தில் ஒரு பெரியவர், பேரி சாண்டர்ஸைப் பார்க்காமல் நீ என்ன லயன்ஸ் ரசிகன் என்று கேட்டுப் பழைய காணொலிகளை அனுப்பினார். 1989இல் லயன்ஸுக்காக அவருடைய முதல் சீசன். பந்தோடு 1,470 யார்டு ஓடியிருக்கிறார். இன்னும் பத்து ஓடினால் அந்த ஆண்டு என்எஃப்எல் லீகில் அதிகம் ஓடியவரோடு சமம், பதினொன்று ஓடினால் முதலிடம். கடைசி ஆட்டத்தில் வெற்றி உறுதியான பிறகு, 'உள்ளே போகிறாயா?' என்று பயிற்சியாளர் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. இங்குள்ள தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் 'அடக்கம்' என்ற தலைப்பில் என் பதினொரு வயது மகனை இதையே பேசவைத்தேன், ஒரு குறளையும் சேர்த்து.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் கேட்டான்: "அவரே வேண்டாம்னு சொல்லிட்டாருன்னா, நாம ஏன்ப்பா இன்னும் எண்ணிக்கிட்டு இருக்கோம்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

உங்களிடம் கேட்க நினைத்தது வேறு. அவன் இப்போது ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவன் ஆக வேண்டும் என்கிறான். மோதி விளையாடும் அணியில் சேர்க்கலாமா? என் மனைவிக்குத் துளியும் சம்மதமில்லை. அப்புறம், முதல் சீசன் என்றால் எரிக் டிக்கர்சன்தானே பெரியவர்? அவர் 1,808 ஓடியிருக்கிறாரே? இதையெல்லாம் பற்றித் தமிழில் ஏன் யாருமே எழுதுவதில்லை?

ர., கேன்டன்

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். தமிழில் ஏன் எழுதுவதில்லை என்று கேட்கிறவர்கள் யாரும் தாங்கள் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள்.

டிக்கர்சன் விஷயமும் சுருக்கமாக. 1983இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்காக அவர் ஓடிய 1,808தான் முதல் சீசனுக்கான சாதனை, இன்றுவரை யாரும் தொடவில்லை. ஆனால் அதற்கு அவர் 390 தடவை பந்தை வாங்கி ஓடினார். சாண்டர்ஸ் 280 தடவை. ஓட்டத்துக்குச் சராசரி பார்த்தால் டிக்கர்சன் 4.6, சாண்டர்ஸ் 5.3 பக்கம். அடுத்த ஆண்டே டிக்கர்சன் 2,105 ஓடி ஒரே சீசனுக்கான சாதனையையும் வைத்துவிட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும். என் சாதனையை யாரும் முறியடிக்கக் கூடாது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லக்கூடிய மனிதர். 'சாதனைகள் முறியடிக்கப்படுவதற்கே' என்று நெஞ்சில் கைவைத்துப் பேசுகிறவர்களைவிட அவர் எவ்வளவோ மேல்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அந்த 2,105தான். 2024 சீசனில் பிலடெல்பியா ஈகிள்ஸின் சேக்வான் பார்க்லி 2,005 யார்டில் நின்றார். இன்னும் ஒரு லீக் ஆட்டம் பாக்கி. 101 ஓடினால் டிக்கர்சனைத் தாண்டிவிடலாம். அந்த ஆட்டத்தில் அவரை இறக்காமல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். லீக் முடிந்து வரும் பிளேஆஃப் நாக்அவுட் ஆட்டங்களுக்குக் கால்கள் வேண்டும் என்பது கணக்கு. இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் ஜெயித்தார்கள். அன்றிலிருந்து சாண்டர்ஸின் பத்து யார்டு என் மண்டைக்குள் உருண்டுகொண்டே இருந்தது. உங்கள் கடிதம் வந்தது. அதில் 'அடக்கம்' என்ற தலைப்பும் இருந்தது. கோபம் வந்துவிட்டது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல காரியம் செய்த யாரைப் பார்த்தாலும் நமக்கு உடனே ஒரு முனிவரை ஆக்கிவிட வேண்டும். ஏன் இந்த வியாதி? ஒருவர் பத்து யார்டு வேண்டாம் என்றால் அது அடக்கம், பற்றின்மை. பிறகு குறள், பிறகு மேடை, பிறகு மூன்று நிமிடப் பேச்சு. பாவம் அந்தப் பையன். சாண்டர்ஸ் யார் என்று அவனுக்கு நீங்கள் முழுதாகச் சொன்னீர்களா? அந்த சீசன் எப்படித் தொடங்கியது என்று சொன்னீர்களா?

பேரத்தில் தொடங்கியது. புதிய வீரர்களை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும் 1989 ஏப்ரல் தேர்வில் டெட்ராய்ட் அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. முதல் இடம் டல்லஸின் ட்ராய் எய்க்மேன், இரண்டாவது க்ரீன் பேயின் டோனி மாண்டரிச், நான்காவது டெரிக் தாமஸ், ஐந்தாவது டியோன் சாண்டர்ஸ். இந்த ஐவரில் மாண்டரிச் தவிர மற்ற நால்வரும் மிகச் சிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். பேரி சாண்டர்ஸ் ஐந்தடி எட்டு அங்குலம், ரன்னிங் பேக் வேலைக்குக் குள்ளம் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் 11 ஆட்டத்தில் 2,628 யார்டு ஓடி, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மேன் கோப்பை வாங்கியவரைப் பற்றித்தான் இந்தச் சந்தேகம்! சரி, தேர்வு முடிந்தது. பயிற்சி முகாம் தொடங்கியது. சாண்டர்ஸ் வரவில்லை. சம்பளம் படியவில்லை. முகாம் முழுக்கப் போயிற்று, சீசனின் முதல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்புதான் கையெழுத்துப் போட்டார். நேரே வந்து, முதல் தடவை பந்து கைக்கு வந்தபோது 18 யார்டு ஓடினார், அன்றே பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் ஒரு டச் டவுனும் போட்டார். வாங்கிய முன்பணத்தில் பத்தில் ஒரு பங்கை விச்சிட்டாவில் தான் வளர்ந்த தேவாலயத்துக்குக் கொடுத்தார்.

காசுக்காக மொத்த முகாமையும் புறக்கணித்த ஆள்தான் டிசம்பரில் பத்து யார்டு வேண்டாம் என்றவர். உங்கள் மேடைப் பேச்சில் செப்டம்பர் இல்லை, டிசம்பர் மட்டும் இருக்கிறது.

அவருடைய அப்பா வில்லியம் சாண்டர்ஸ் விச்சிட்டாவில் கூரை வேய்கிற தொழிலாளி. பதினொரு பிள்ளைகள். கோடை விடுமுறையில் பையன்களும் கூரைமேல் ஏறி அப்பாவுக்கு வேலை செய்வார்கள். கான்சாஸ் வெயிலில் தார்க்கூரை என்ன சூடு சுடும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வேலையில் கூலியைக் கீழே நிற்கும்போதே பேசிக்கொள்ள வேண்டும், மேலே ஏறின பிறகு பேச முடியாது. வேலை முடிந்தால் இறங்க வேண்டியதுதான். முடிந்த கூரையில் இன்னும் பத்து ஆணி அடி, உன் பெயரைச் செதுக்கிவைக்கிறோம் என்று யாராவது சொன்னால், கூரைக்காரன் அவரை ஒரு மாதிரிதான் பார்ப்பான். அந்தக் கடைசி ஆட்டம் நடந்த அட்லாண்டாவிலும் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். ஆட்டம் ஜெயித்தாகிவிட்டது. முதலில் தோற்றுத் தோற்றுக் கிடந்த அணி, கடைசி ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயித்து, ஏழு வெற்றி ஒன்பது தோல்வி என்று முடித்திருந்தது. அன்று தேதி டிசம்பர் 24. பயிற்சியாளர் வேய்ன் ஃபான்டெஸ் வந்து கேட்டபோது, ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்கிற மாதிரி சொன்னார் என்பார்கள். மறுநாள் கிறிஸ்துமஸ் சார்!

அவர் கூச்ச சுபாவி என்பது உண்மை. ஹைஸ்மேன் அறிவிப்பின்போது அணியோடு டோக்கியோவில் இருந்தார், தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்காரவே அவரை வற்புறுத்த வேண்டியிருந்தது. டச் டவுன் போட்டால் ஆட்டமில்லை, பாட்டில்லை, பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார். ஆனால் கூச்ச சுபாவிகள் எல்லாரும் அடக்கமானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தன் வேலைக்கு என்ன விலை என்பது அந்த ஆளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அந்த விலையில் ஓட்டப் பட்டம் சேரவில்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்குச் சொந்தமாக ஒரு கதை இருக்கிறது. தொண்ணூறுகளில் நான் மிச்சிகனில் மாணவன். இப்ஸிலான்டியில் ஒரு வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் கார் ஆலையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். நன்றி நவிலல் நாளில் ஊருக்குப் போக வழியில்லாத மாணவனைத் தனியாக விடக் கூடாது என்று கீழே கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் மனைவி, உருளைக்கிழங்கு மசியலில் வான்கோழிச் சாறு ஊற்றாமல் எனக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார். அந்த நாளில் டெட்ராய்டில் லயன்ஸ் ஆட்டம் நடப்பது அங்கே பொங்கலுக்குக் கரும்பு மாதிரி. 1997இல் எதிரணி சிகாகோ பேர்ஸ்.

வீட்டுக்காரர் நாற்காலியில் சாயவே மாட்டார். நுனியில் உட்கார்ந்து, முழங்கால் இரண்டையும் பிடித்துக்கொள்வார். சாண்டர்ஸ் பந்தை வாங்கினார் என்றால் நேரே முன்னால் போக மாட்டார், அதுதான் பிரச்சினை. இடது பக்கம் போவார், அங்கே மூன்று பேர் நிற்பார்கள். நின்றுவிடுவார். உண்மையிலேயே நின்றுவிடுவார், இரண்டு காலும் ஒரே இடத்தில். அப்புறம் பின்னால் வருவார். வீட்டுக்காரர் வாய்க்குள்ளேயே 'நோ, நோ, நோ' என்று முனகுவார். அந்த முனகல் முடிவதற்குள் சாண்டர்ஸ் வலது பக்கம் போயிருப்பார், முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள். முனகல் அப்படியே 'யெஸ், யெஸ்' என்று மாறும், இடையில் மூச்சே விட்டிருக்க மாட்டார். பிடிக்கப் பாய்ந்த தடுப்பாளர் காற்றைக் கட்டிக்கொண்டு தரையில் கிடப்பார். அன்று 19 தடவை ஓடி 167 யார்டு, மூன்று டச் டவுன். முதலில் பேர்ஸ்தான் முன்னால் இருந்தார்கள், முடிந்தபோது 55-20. வாழ்நாள் ஓட்டக் கணக்கில் டிக்கர்சனைத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்ததும் அன்றுதான். அந்த சீசனின் முதல் இரண்டு ஆட்டத்தில் சேர்த்து 53 யார்டு ஓடியவர், அதற்குப் பிறகு தொடர்ந்து 14 ஆட்டங்களில் நூறுக்குக் குறையவே இல்லை. முடிவில் 2,053.

அந்த ஓட்டம் எப்போதும் பலிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். நின்று, பின்னால் வந்து, வேறு வழி தேடுகிறவர் பல தடவை பின்னாலேயே பிடிபடுவார். 1994 பிளேஆஃபில் க்ரீன் பேயில் 13 தடவை ஓடி, மொத்தம் மைனஸ் ஒன்று. இன்னொன்றும் உண்டு. அவர் வந்த ஆண்டில் லயன்ஸ் புகுத்தியது 'ரன் அண்ட் ஷூட்' என்ற ஆட்டமுறை. பந்தைப் பிடிக்க நாலு பேரை அகலத்தில் பரப்பிவிடுவார்கள். ரன்னிங் பேக்குக்கு முன்னால் ஓடி வழி திறக்கும் ஃபுல்பேக் கிடையாது, ஓரத்தில் நின்று தடுத்து உதவும் டைட் எண்டும் கிடையாது. லோமாஸ் பிரவுன், கெவின் க்ளோவர் போன்ற, முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுக்கும் நல்ல லைன்மேன்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. அவர்களைத் தாண்டினால் இவர் பாடு. முகாமே பார்க்காத இருபத்தொரு வயதுப் பையன் இந்த ஏற்பாட்டில் 1,470 ஓடினான், 14 டச் டவுன் போட்டான். உங்களுக்குச் சிலிர்க்க வேண்டியது இதற்கு.

விட்ட இடத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்காரர் 1989 கதையைச் சொல்லாமல் ஒரு நன்றி நவிலல் நாளும் போனதில்லை. 'இந்தக் காலத்தில் எவன் விடுவான் பத்து யார்டை?' என்பார், நீங்கள் சொல்கிற அதே குரலில். 1999 ஜூலையில் சாண்டர்ஸ் ஓய்வை அறிவித்தார். முகாம் தொடங்கும் நேரம். பேட்டியில்லை, விழாவில்லை, சொந்த ஊர்ப் பத்திரிகையான விச்சிட்டா ஈகிளுக்கு ஒரு ஃபேக்ஸ். அவர் கணக்கில் 15,269 யார்டு. அப்போதைய வாழ்நாள் சாதனை வால்டர் பேட்டனின் 16,726. எடுக்க வேண்டியது 1,457, அதாவது அவருடைய முதல் சீசனைப் போல ஒன்று, அதைவிடவும் சற்றுக் குறைவு. வயது முப்பத்தொன்று, காயமில்லை. நான் அப்போது வேறு ஊருக்குப் போய்விட்டேன். தொலைபேசியில் கூப்பிட்டால் வீட்டுக்காரர் கத்துகிறார். துரோகி என்கிறார், கோழை என்கிறார். ஊரே முதுகில் குத்துப்பட்டது போலப் பேசினார். பத்து யார்டை விட்டவன் புண்ணியவான், 1,457 யார்டை விட்டவன் துரோகி! அதே ஆள், அதே காரியம்.

ர., இதைக் கொஞ்சம் பொறுமையாக யோசியுங்கள். 1989இல் விட்டது உங்களுக்கு இனித்தது, ஏனென்றால் அதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. லயன்ஸ் ஜெயித்துவிட்டது, கதை ஒன்றும் கிடைத்தது. 1999இல் விட்டது டெட்ராய்டுக்குக் கசந்தது, ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஆளில்லாமல் போய்விட்டதே. நமக்கு இடைஞ்சல் இல்லாதவரைதான் அடுத்தவர் துறவு நமக்குப் பிடிக்கிறது. ஏன் விலகினார் என்பதைப் பின்னால் தன் நூலில் சொன்னார்: இந்த அணி ஜெயிக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டது. பத்து வருடத்தில் ஒரே ஒரு பிளேஆஃப் வெற்றி, 1992 ஜனவரியில் டல்லஸுக்கு எதிராக. தோற்கிற அணியில் உட்கார்ந்துகொண்டு, பேட்டனைத் தாண்டுவதற்காக இன்னும் ஒரு வருடம் இடிபட வேண்டுமா? அட்லாண்டாவில் கேட்ட கேள்விதான் மறுபடி வந்தது, அதே பதிலைச் சொன்னார். அணி நிர்வாகம் சும்மா இருக்கவில்லை, முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரச் சொல்லி நடுவர் மன்றத் தீர்ப்பு வரை போனது, தீர்ப்பும் அணிப் பக்கம் வந்தது. காசு விஷயத்தில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. இதையும் உங்கள் பையனிடம் சொல்லுங்கள், குறள் சேர்க்காமல்.

இந்தக் கதை முழுவதும் ஒருவர் பெயரில்லாமல் நிற்கிறார், கவனித்தீர்களா? 'லீகில் அதிகம் ஓடியவர்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவர் பெயர் கிறிஸ்டியன் ஒகோயே. கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ். நைஜீரியாவில் எனுகுவில் பிறந்தவர், வட்டெறிதல் வீரராகக் கலிபோர்னியாவுக்குப் படிக்க வந்தவர். 1984 ஒலிம்பிக்குக்கு அவர் நாடு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த ஆட்டத்தையே கற்றுக்கொள்ள ஆரம்பித்தார், அதுவும் இருபதுகளில். 260 பவுண்டு உடம்பு. சாண்டர்ஸ் யாரும் தொடாதபடி ஓடுவார். ஒகோயே தொட வருகிறவரை இடித்துக்கொண்டு ஓடுவார். 1989இல் அவர் பந்தை வாங்கியது 370 தடவை, அந்த 1,480 யார்டு முழுவதும் அடி வாங்கிச் சம்பாதித்தது. 1992க்குப் பிறகு அவர் ஆடவில்லை, காயங்கள் முடித்துவிட்டன. அவருக்குக் கிடைத்த ஒரே ஓட்டப் பட்டம் அது. அதைச் சாண்டர்ஸ் 'விட்டுக்கொடுத்தார்' என்று நாம் மேடையில் பேசினால், 370 தடவை இடிபட்டவர் தானம் வாங்கியவர் ஆகிவிடுகிறார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அட்லாண்டாவில் சாண்டர்ஸ் உள்ளே போகாததால் ஒகோயேயின் கணக்கில் ஒரு யார்டும் கூடவில்லை.

பையனை அணியில் சேர்ப்பது பற்றி. உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். 2017இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், இறந்த பிறகு ஆய்வுக்கென்று கொடுக்கப்பட்ட என்எஃப்எல் ஆட்டக்காரர்களின் மூளைகளைப் பார்த்தார்கள். 111 பேரில் 110 பேருக்கு அடிபட்டு அடிபட்டு வரும் மூளைச் சிதைவு இருந்தது. நோய் இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களின் குடும்பங்கள்தான் அதிகம் கொடுத்திருக்கும், ஆகவே எல்லாருக்கும் அந்த விகிதம் பொருந்தாதுதான். பதினொரு வயதுத் தலைக்கு அந்தச் சமாதானம் போதாது. இடுப்பில் கொடி கட்டி விளையாடுகிற ஃபிளாக் ஃபுட்பால் இருக்கிறது. மோதல் கிடையாது, கொடியை உருவினால் ஆட்டம் நின்றுவிடும். நின்று திரும்பி ஓடுகிற வித்தையெல்லாம் அதிலேயே பழகலாம். உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் மறுபடி சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவேளை அவன் பெரியவனாகி அந்த வேலைக்கே போனாலும், சாண்டர்ஸ் போல முகாமுக்கு வராமல் உட்கார்ந்து பேரம் பேச அவனுக்கு இடமில்லை. லீகும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, புதிதாக வருகிறவரின் முதல் நான்கு ஆண்டுச் சம்பளம் அநேகமாகத் தேர்வு வரிசைப்படியே முடிவாகிவிடுகிறது. ரன்னிங் பேக்குகளுக்குக் கால் நன்றாக இருக்கிற வருடங்களும் அவைதான். பார்க்லியையே பாருங்கள். 2018இல் நியூயார்க் ஜயன்ட்ஸில் முதல் சீசன்: ஓட்டத்தில் 1,307, பந்தைப் பிடித்து எடுத்ததையும் சேர்த்தால் 2,028. 2020இல் முழங்கால் போயிற்று. 2023இல் நீண்ட ஒப்பந்தம் கேட்டார், படியவில்லை. அடுத்த வருடம் அவர் ஈகிள்ஸுக்குப் போனதும் 2,005 ஓடியதும் உங்களுக்குத் தெரியும். ஜயன்ட்ஸ் முதலாளிகளில் ஒருவரான ஜான் மாரா அந்த வருடம் எப்படித் தூங்கினாரோ.

மகன் கேட்ட கேள்வி உங்கள் பேச்சைவிட நல்ல கேள்வி. நாம் எண்ணுவது நமக்காக, சாண்டர்ஸுக்காக இல்லை என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வான். பழைய காணொலி காட்டும்போது சாண்டர்ஸோடு நிறுத்தாமல் ஒகோயே ஓடுவதையும் காட்டுங்கள். யாரைப் பிடித்தது என்று அவனே எனக்கு எழுதட்டும். தமிழில் வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம்.